பத்தொன்பதாம் தேதி விருந்து

மே 4, ஞாயிறு

ஊரில் என் மகள் சுகந்திக்கு வளைகாப்பு நடந்து முடிந்தது. காலையில் சுபத்ராம்மா தன் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். மாம்பழக் கலரில் பட்டுச் சேலை. முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது. முதல் வளையலை அவள் மாமியார்தான் போட்டார். நான் இருந்து போட்டிருக்க வேண்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பிள்ளை ஆதவ் அழுதான், போய்த் தூக்கினேன். அதனால் கடைசிப் பகுதி பார்க்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தான் அழைத்துவர வேண்டும். மன்னார்குடியில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜூன் மாதத்துக்குள் நான் போய்விட்டால் திறந்து, வெள்ளையடித்து, அவளைக் கூட்டிவந்துவிடலாம். சுபத்ராம்மாவிடம் சொன்னேன். "கண்டிப்பா அனுப்பி வைக்கிறேன்க்கா, நான் இல்லைன்னா சொல்வேன்?" என்றார்.

இந்த டைரி சாருக்கு, சுபத்ராம்மாவின் கணவருக்கு, ஆபீசில் கொடுத்தது. அவருக்கு வேண்டாம் என்று எனக்குத் தந்தார்கள். பால்வாடியில் ஆயாவாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு எழுதுகிற பழக்கம் உண்டு.

மே 6

துணி, பாத்திரம், ஆதவ்வுக்குக் காய்ச்சல். வேறொன்றும் இல்லை.

மே 11, ஞாயிறு

இங்கே இன்று அம்மாக்களுக்கான நாளாம். சுபத்ராம்மாவைச் சார் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். எனக்கும் ஒரு நைட்டி வாங்கி வந்து, "நீங்களும் இந்த வீட்டுக்கு அம்மா மாதிரிதான்" என்று கொடுத்தார்கள். இவர்கள் மனசு யாருக்கு வரும். அப்பா இல்லாத சுகந்தியின் கல்யாணத்துக்கு மன்னார்குடியில் கைகொடுத்தது சுபத்ராம்மாவின் தாயார்தான். அவரை நாங்கள் பெரியம்மா என்போம். அவர் கேட்டுத்தான் நான் சுபத்ராம்மாவின் பிரசவத்துக்கு இங்கே ஹூஸ்டனுக்கு வந்தேன். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. ஆதவ்வுக்கு இப்போது ஒன்றரை வயது.

சுகந்தியோடு பேசினேன். எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை காலை, சுபத்ராம்மா போனில், ஸ்பீக்கரில். என்னிடம் போன் கிடையாது. இங்கே போன் வாங்க ஏதேதோ நம்பர் கேட்பார்களாம். "எப்பம்மா வர்ற?" என்று சுகந்தி கேட்டாள். சுபத்ராம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்றேன்.

மே 17

கடைவாய்ப் பல் மறுபடியும் வலிக்கிறது. இங்கே பல் டாக்டரிடம் போகிற காசுக்கு நம்மூரில் ஒரு வீடே கட்டிவிடலாம் என்று சார் சிரித்தார். மாத்திரை தந்தார்கள். ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மே 20, செவ்வாய்

குப்பைத்தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு வெர்னாவும் தள்ளிக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கறுப்பின அம்மா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். என்னைப் பார்த்தால் கை அசைப்பார். இன்று என் வீங்கின கன்னத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவரோடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சுபத்ராம்மா முன்பே சொல்லியிருக்கிறார். விசா முடிந்துபோன விஷயம் அக்கம்பக்கத்தில் தெரிந்தால் போலீஸ் வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டு போகுமாம். என் நல்லதுக்குச் சொல்கிறார்.

மே 25, ஞாயிறு

சுகந்திக்குக் கால் வீக்கம் அதிகமாக இருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறதாம். பேசும்போது மூச்சு வாங்கியது. "பயமா இருக்கும்மா" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டிக்கெட் எப்போது போடுவீர்கள் என்று சாரிடம் கேட்டேன். நேராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. விசா முடிந்தவர்கள் ஏர்போர்ட்டுக்குப் போனால் சிக்கல், வக்கீலைப் பார்த்துப் பேசித்தான் செய்ய வேண்டும், அவசரப்பட்டால் ஜெயில் என்றார். ஜூன் பத்தொன்பதாம் தேதி வீட்டில் பெரிய விருந்து வேறு இருக்கிறதாம். சாருக்கு ஆபீசில் பதவி உயர்வு. அன்றைக்கு அரசாங்க விடுமுறை, எல்லாராலும் வர முடியும். அது முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்றார். என் பாஸ்போர்ட் அவர் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

லைன் கிடைக்கவில்லை. சுபத்ராம்மா மாடிக்குப் போய் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம். கீழே வந்து, நெட்வொர்க் சரியில்லை என்றார். நான் அடுப்படியை விட்டு அசையாமல் காத்திருந்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 4

சுபத்ராம்மாவுக்குக் கடையில் மல்லிகைப்பூ கிடைத்ததாம். எனக்கும் ஒரு முழம் வாங்கி வந்தார். இங்கே அது எவ்வளவு விலை என்று எனக்குத் தெரியும். தலையில் வைத்துக்கொண்டு ஆதவ்வுக்குச் சோறு ஊட்டினேன். பூவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஜூன் 6

விருந்துக்கு ஆன சாமான் பட்டியல் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இருபத்தைந்து பேர். பிரியாணி, சுக்கா, கோழி வறுவல், சைவக்காரர்களுக்குத் தனியாக, பாயசம்.

ஜூன் 8, ஞாயிறு

சுகந்தியின் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டதாம். மாப்பிள்ளை செழியனின் நம்பருக்குப் போடுங்கள் என்றேன். அவரும் எடுக்கவில்லையாம். பெரியம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம், நன்றாக இருக்கிறாளாம். சொல்லும்போது சுபத்ராம்மா ஆதவ்வின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

இந்த ஒரு வாரமாக என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார். மதியம் கொஞ்சம் படுங்கள் என்கிறார். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

டாக்டர் சுகந்தியைப் பேசக்கூடாது, முழு ஓய்வில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். பிரஷருக்காக இருக்கும். பால்வாடியில் ஒரு டீச்சருக்கு அப்படித்தான் சொன்னார்கள், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஓய்வில் இருக்கட்டும். நான் பேசாவிட்டால் என்ன.

மசாலா எல்லாம் அரைத்து வைத்தாயிற்று.

ஜூன் 18, புதன்

வெர்னா தன் வீட்டு வாசலில் ஒரு கொடி கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு, நீலம், நடுவில் வெள்ளை நட்சத்திரம். இந்த ஊர்க் கொடி மாதிரியே இருந்தது, ஆனால் வேறு. என்னைக் கண்டதும் வேலியருகே வந்து, "டுமாரோ, யூ ஆஃப்?" என்றார். ஆஃப் என்றால் லீவு என்று எனக்குத் தெரியும். இல்லை, பார்ட்டி, குக்கிங் என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "யூ ஓக்கே?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஓக்கே என்றேன்.

ஜூன் 19, வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது நடக்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால் நானே நம்பிவிடுவேன்.

பதினொரு மணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் அடுப்படியில் கோழியை வறுத்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பெயர் மைதிலி. நீடாமங்கலமாம். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க பொண்ணு இப்ப எப்படி இருக்குக்கா? சுபத்ராக்கா சொன்னதுலேர்ந்து மனசே ஆறல. இதோட வந்து நின்னு சமைக்கிறீங்களே."

எதைச் சொன்னார் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். நான் அவள் கைப்பையைக் காட்டி, போனைக் கொடும்மா என்றேன். சுகந்தி நம்பர் எனக்கு மனப்பாடம்.

ஊரில் அப்போது நடுராத்திரி இருக்கும். உடனே எடுத்தாள். போன் கெடவில்லை. நான்தான்டி என்றேன்.

"இப்பதான் ஒனக்கு நேரம் கெடச்சுதா?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். ஒன்றாம் தேதி பிரஷர் ஏறி, திருவாரூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பெண் குழந்தை. நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டது.

"தெனமும் போட்டேன்மா. நீ தூங்குறன்னாங்க. கடைக்குப் போயிருக்கன்னாங்க. புள்ள செத்த அன்னிக்கும் போட்டேன். சொல்லிட்டோம், அம்மா பேசுற நெலமையில இல்லன்னாங்க. நீ வரமாட்டன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

எனக்குத் தெரியாதுடி, யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுபத்ராம்மா உள்ளே வந்தார். கோபப்படவில்லை. மெதுவாக என் கையிலிருந்து போனை எடுத்து அணைத்து மைதிலியிடம் கொடுத்தார். மைதிலி வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனாள். சுபத்ராம்மா அடுப்பை அணைத்தார். கோழி கருகிக்கொண்டிருந்தது.

"பார்ட்டி முடியட்டும், பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்க்கா. தெரிஞ்சாலும் இங்கேருந்து நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? ஒங்க நல்லதுக்குத்தான்."

முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னார். கழுவினேன். பிறகு பிரியாணியை அண்டாவோடு எடுத்துப்போய் வைத்தேன். எல்லாருக்கும் பரிமாறினேன். ஏன் பரிமாறினேன் என்று இப்போது யோசிக்கிறேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

சாப்பிடும்போது ஒருவர், இந்த லீவு எதுக்குன்னே தெரியல, போன வருஷங்களில் எல்லாம் கவனித்ததே இல்லை என்றார். சாருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். விளக்கமாகச் சொன்னார். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால், கறுப்பின அடிமைகள் எல்லாரும் இனி சுதந்திர மனிதர்கள் என்று ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஆனால் இந்த டெக்சாஸ் பக்கம் யாரும் அதை அடிமைகளிடம் சொல்லவில்லையாம். இரண்டரை வருஷம் கழித்து, இங்கிருந்து கார் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் போகிற கால்வெஸ்டன் கடற்கரை ஊருக்குப் பட்டாளம் வந்து உத்தரவைப் படித்ததாம். அந்த நாள்தான் இது.

"முதலாளிங்களுக்கு முன்னாடியே தெரியும். பருத்தி எடுத்து முடியட்டும்னு சொல்லாம வச்சிருந்தாங்கன்னு சொல்றாங்க," என்றார் சார்.

அநியாயம் என்றார் ஓர் அம்மா. சுபத்ராம்மா சாரைப் பார்த்து, போதும் என்பது போலக் கண்ணைக் காட்டினார். சாருக்குப் புரியவில்லை. கால்வெஸ்டனில் அந்த இடத்தில் பெரிய படம் வரைந்திருக்கிறார்கள், எல்லாரும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சுக்கா பிரமாதம், இன்னும் கொஞ்சம் கொண்டுவாங்க என்றார்.

கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இருவரும் லீவு போட்டு வீட்டில் இருந்தார்கள். என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நான் போகிறேன் என்றேன். சார் மறுபடியும் வக்கீல், ஜெயில், பத்து வருஷம் தடை என்று சொன்னார். இரண்டே மாதம், ஆதவ்வைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும் அனுப்புகிறோம் என்றார். சம்பளத்தை அப்போது மொத்தமாகத் தருவார்களாம். சுபத்ராம்மா அழுதார். நேற்றிரவு அவரும் தூங்கவில்லையாம். அவர் அழுவதைப் பார்த்து எப்போதும் போல எனக்கு இரக்கம் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 21

சாப்பிட முடியவில்லை. பாத்திரம் கழுவி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

யாரும் போனை எடுத்து வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இதை வெர்னா வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று திங்கட்கிழமை நடந்தது இது.

காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வாசற்கதவு திறந்தால் திறக்கும். யாரும் வெளியே பூட்டிக்கொண்டு போவதில்லை. கதவுக்கும் எனக்கும் நடுவில் ஆதவ் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தனியே விட்டுப் போக முடியாது. தூக்கிக்கொண்டும் போக முடியாது. அவன் இன்னொருத்தி பிள்ளை. அன்று முழுவதும் வழக்கம்போல எல்லாம் செய்தேன். குளிப்பாட்டினேன், பருப்புசாதம் பிசைந்து ஊட்டினேன், தூங்க வைத்தேன். தூங்கும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்குவான். நேற்று விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். நல்ல வெயில் இருந்தது. சுபத்ராம்மா செருப்பைக் கழற்றும் முன்பே ஆதவ்வை அவர் கையில் கொடுத்தேன். சாப்பாடு ஆச்சு, பேம்பர்ஸ் மாற்றியாச்சு என்று சொன்னேன். அதையெல்லாம் சொல்லாமல் போக எனக்கு வரவில்லை.

நான் பையை எடுப்பதைப் பார்த்துச் சார் எழுந்தார். "எங்க போறீங்க? கையில ஒரு காகிதம் இல்லாம இந்த ஊர்ல ஒரு தெரு தாண்ட முடியாது."

"பாஸ்போர்ட்ட நீங்களே வச்சுக்குங்க சார்," என்றேன். "எம் பொண்ணுக்குப் பொறந்த புள்ளய நான் பாக்கல. இதுக்கு மேல எங்கிட்ட எடுத்துக்க என்ன இருக்கு?"

ஆதவ் என்னிடம் வரக் கையை நீட்டிக் கத்தினான். அவன் கத்துவது தெரு வரை கேட்டது. நான் திரும்பினால் போயிருக்க மாட்டேன். திரும்பவில்லை.

வெர்னா கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது. "டாட்டர். பேபி டெட்" என்று மட்டும் வந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

ஜூன் 27

வெர்னா எங்கெங்கோ போன் செய்து, ஜெசிந்தா என்று தூத்துக்குடிக்காரப் பெண் ஒருவரை வரவழைத்தார். என்னைப் போன்றவர்களுக்கு உதவும் அமைப்பில் வேலை செய்கிறவர். இரண்டு நாளாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். விசா முடிந்திருந்தாலும் ஊருக்குத் திரும்பிப் போவதை யாரும் தடுக்க முடியாதாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வேலை வாங்குவதுதான் இந்த ஊரில் குற்றமாம்.

"அப்ப நான் மொதல்லயே கெளம்பியிருக்கலாமா?" என்றேன்.

ஜெசிந்தா எழுதுவதை நிறுத்தினார். "ஒங்களுக்கு அத யாரும் சொல்லலியேம்மா," என்றார்.

மே மாதமே அந்தக் கதவைத் திறந்து வந்திருந்தால் சுகந்தி பக்கத்தில் இருந்திருப்பேன். குழந்தை பிழைத்திருக்குமா என்று தெரியாது. பக்கத்தில் இருந்திருப்பேன்.

ஜூலை 3

போலீஸ்காரர் ஒருவர் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கி வந்து கொடுத்தார். போட்டோவில் நான் சதைப்பற்றாக இருக்கிறேன். இங்கேயே இருந்து வழக்கு நடத்தவும் வழி இருக்கிறதாம், அதற்குத் தனி விசா தருவார்களாம். வாக்குமூலம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அடுத்த வாரம் டிக்கெட்.

வெர்னா வீட்டுக் கொடி இன்னும் கட்டியபடியே இருக்கிறது. ஜெசிந்தா இருக்கும்போது அவரிடம் கேட்கச் சொன்னேன்: ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நாளைக் கொண்டாடாமல், செய்தி தாமதமாக வந்த நாளை ஏன் கொண்டாடுகிறீர்கள், அது வயிற்றெரிச்சல் இல்லையா? வெர்னா யோசித்துச் சொன்னார். கையெழுத்துப் போட்ட அன்று அவர் கொள்ளுப்பாட்டி வழக்கம்போலப் பருத்திக் காட்டில்தான் நின்றாராம். அந்த நாள் அவருக்கு ஒன்றுமே இல்லை. காதில் விழுந்த நாள்தான் அவருடைய நாள். வயிற்றெரிச்சலும் உண்டு, அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம் என்றார்.

எனக்கு அது புரிந்தது. என் பேத்தி ஒன்றாம் தேதி பிறந்து ஐந்தாம் தேதி போனதாகச் சொல்கிறார்கள். ஐந்தாம் தேதிக்கு அடுத்த நாள் நான் பிரியாணிக்குப் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் பிறந்ததும் இறந்ததும் பத்தொன்பதாம் தேதிதான். இனி வருஷா வருஷம் இந்த ஊரில் அன்றைக்கு விடுமுறை.

ஜூலை 6, ஞாயிறு

இங்கே வந்ததிலிருந்து வெர்னாவின் போனில் சுகந்திக்குத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, எல்லாம் சொல்லியிருக்கேன் அத்தை, அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும் என்பார். இன்று அவளே எடுத்தாள்.

வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்றேன். "இனிமே வந்து என்னம்மா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

பால் கட்டிக்கொண்டு வலித்தது, இப்போது பரவாயில்லை என்றாள். தையல் ஆறிவிட்டதாம். குழந்தையின் துணிகளை மாமியார் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாராம். வீட்டில் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லையாம், பேசினால் சுகந்தி அழுவாள் என்று.

அதன்பிறகு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு தாயும் மகளிடம் முதலில் கேட்கிறது அதுதான்.

"புள்ள யாரு ஜாடைடி?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தல நெறைய முடிம்மா," என்றாள். "அப்படி ஒரு முடி. காது ரெண்டும் அப்பாவுது..."

சொல்லிக்கொண்டே போனாள்.